வீடு பார்க்க வந்த அறுநூறு பேர்

வாத்துகளை எண்ணுவதில் பிரயோசனம் இல்லை என்பது நூற்று நாற்பதாவது வாத்தில் சேரனுக்குப் புரிந்தது. அது ஏற்கெனவே எண்ணிய வாத்தாகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே ஜாடையில் இருந்தன, ஒரே நடை நடந்தன, ஒரே நேரத்தில் தலையைச் சேற்றுக்குள் விட்டு வாலை அவன் பக்கம் காட்டின.

நேற்று இரவு அவன் வந்து படுத்தபோது இந்த வயல் காலியாகத்தான் கிடந்தது. இப்போது மணி ஆறே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. பத்தரை மணிக்குச் செம்மொழி வருகிறாள்.

செம்மொழி அவன் மனைவி, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டோடு சேர்ந்த இந்த இரண்டு ஏக்கரை, அவளிடம் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் சேரன் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கட்டட வரைபடம் போடுவது அவன் தொழில். கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் போடலாம். தஞ்சாவூரில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் உட்கார்ந்து பதினோரு வருடம் போட்டுவிட்டான். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம் அதைவிடப் பக்கம். மகள் இசைவாணிக்கு ஓடியாட இடம், செம்மொழிக்கு வேலைக்குப் போகும்போது ஜன்னலோர சீட்டு. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, செம்மொழிக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர.

அவள் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள்.

"எங்கம்மா குனிஞ்ச முதுகு நிமிராம நாத்து நட்டு, 'நீ இந்தச் சேத்துல கால வைக்கக்கூடாது'ன்னு என்னைப் படிக்க வச்சாங்க. நீங்க என்னடான்னா கைக்காசு போட்டுச் சேத்தை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க."

சேரன் பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர் கீழவாசலில், தையற்கடைக்கு மேல். அவனுக்குத் தெரிந்த சேறு மழைக்காலத்துப் பேருந்து நிலையம்தான்.

ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. "பிப்ரவரி கடைசி ஞாயிறு நானும் பாப்பாவும் வந்து பாக்கிறோம். பிடிச்சிருந்தா ஜூன்ல குடிவர்றோம். இல்லைன்னா வித்துடணும். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது" என்றாள் செம்மொழி. சேரன் ஒப்புக்கொண்டான். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான், சிவப்புத் தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தான், வாசலுக்கு வலப்பக்கம் அளவெடுத்து, கோடு போட்டு, எட்டுக் கீரைப் பாத்தி அமைத்தான். பாத்திகள் எட்டும் ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் இருந்தன. கீரை முளைத்தே விட்டது. அதைப் பார்த்தால் எந்தக் கல்மனமும் கரையும் என்று அவன் முழுமனதாக நம்பினான்.

அந்த நம்பிக்கைக்கும் வாத்துகளுக்கும் நடுவே இப்போது நாற்பதடி தூரம்தான் இருந்தது.

வயலின் மறுகோடியில் ஒரு பெண் நீளமான கழியை ஊன்றிக்கொண்டு நின்றாள். சேரன் வரப்பில் தடுமாறி நடந்து அவளிடம் போனான். பெயர் செவ்வந்தி என்றாள்.

"ஏங்க, இதெல்லாம் உங்க வாத்தா?"

"ஆமா சார். அறுநூறு உருப்படி."

"இது என் வயல்."

"நல்ல வயல் சார். நத்தை நெறையக் கெடக்கு."

இதற்குப் பெருமைப்படுவதா கூடாதா என்று சேரனுக்குத் தெரியவில்லை. "யாரைக் கேட்டு விட்டீங்க?"

"எங்க வூட்டுக்காரரு பேசிட்டேன்னாரு. அவருதான் விடியறதுக்கு முன்னாடியே கொண்டாந்து விட்டுட்டு, கடைக்கு முட்டை போட கும்பகோணம் போயிருக்காரு."

"யார்கிட்ட பேசினாராம்?"

"அது அவருக்குத்தான் சார் தெரியும். போன்லயும் சார்ஜ் இல்ல."

பக்கத்து வீட்டுக்காரரும் வயல்காரருமான இளையபெருமாள் பல்குச்சியோடு வரப்புக்கு வந்தார். ஐம்பது வயது, எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர். "அறுப்பு முடிஞ்சா வாத்து எறங்குறதுதான் தம்பி. ஆசீர்வாதம் அண்ணன் இருந்தப்ப வருஷா வருஷம் இங்கதான் மேயும், நெலத்துக்கும் எருவாவும்" என்றார்.

சேரனுக்கு விளங்கிவிட்டது. ஆசீர்வாதம் என்பவர்தான் இந்த நிலத்தை அவனுக்கு விற்றுவிட்டு, திருச்சியில் மகனோடு போய் இருப்பவர். பழைய பழக்கத்தில் யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறார். சேரன் உடனே அவருக்குப் போன் போட்டான்.

எதிர்முனையில் ஆசீர்வாதம் கிசுகிசுத்தார். "பூசையில இருக்கேன் தம்பி."

"ஒரே நிமிஷம் ஐயா, வாத்து..."

"பிரசங்கம் ஆரம்பிச்சுட்டு தம்பி." போன் கட்டாயிற்று.

"சரிம்மா, யார் சொன்னதா வேணா இருக்கட்டும்" என்றான் சேரன் செவ்வந்தியிடம். "இப்ப ஓட்டிட்டுப் போயிடுங்க."

"இப்பதான சார் வாய வச்சிருக்கு. வயிறு நெறையாம நகராது. நாலு மணிக்கு ஒரு குரல் குடுப்பேன், தானா வந்துடும்."

"பத்தரைக்கு என் வீட்டம்மா வர்றாங்க."

"வரட்டுமே சார். வாத்து ஒண்ணும் பண்ணாது."

சேரன் வீட்டுக்கு ஓடி, குடையை எடுத்துவந்தான். குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, "ஹூய்" என்று வயலுக்குள் இறங்கினான். இரண்டாவது அடியில் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. வாத்துகள் ஒரு கணம் அவனைப் பார்த்தன. பிறகு சரிபாதியாகப் பிரிந்தன. ஒரு பாதி வாய்க்கால் பக்கம் ஓடியது. மறுபாதி வாசலுக்கு ஓடி, வலப்பக்கம் திரும்பியது.

"தொரத்தாதீங்க சார், பிரிஞ்சிடும்" என்று செவ்வந்தி சொன்னபோது எல்லாம் பிரிந்து முடிந்திருந்தது.

ஐந்து வாரத்துக் கீரை, பல் துலக்கும் நேரத்தில் காலி. எட்டுப் பாத்திகளும் எங்கே இருந்தன என்பது வரைந்தவனுக்கே தெரியவில்லை. சேரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மணி எட்டு ஆகியிருந்ததால் அதை ஒத்திவைத்தான்.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யூடியூபில் தேடினான். முழுக்கை சட்டை போட்ட ஒருவர், வாத்துகளைத் துரத்தக் கூடாது, தீனி காட்டி அழைத்துப் போக வேண்டும் என்றார். வாங்கப்போகும் மாட்டுக்காக முன்கூட்டியே வாங்கிவைத்த தவிட்டு மூட்டை ஒன்று வீட்டில் இருந்தது. சேரன் வாளியில் தவிட்டைக் கரைத்து, கையால் வாளியைத் தட்டிக்கொண்டே நடந்தான்.

அந்த முழுக்கை சட்டைக்காரர் பொய் சொல்லவில்லை. வாசலில் இருந்த முந்நூறும் திரும்பின. வாய்க்காலில் இருந்த முந்நூறும் ஏறி வந்து சேர்ந்துகொண்டன. மொத்தக் கூட்டமும் அவன் பின்னால் வரிசை கட்டி நடந்தது. சேரன் வாழ்க்கையில் இத்தனை பேர் அவன் சொன்னபடி கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, வரப்பைத் தாண்டி, புல் முளைத்துக் கிடந்த அடுத்த வயலுக்குள் அவர்களைக் கூட்டிப்போனான். அவன் எல்லையை விட்டுப் போனால் போதும்.

"தம்பி" என்றார் இளையபெருமாள்.

"அண்ணே, ஒரு அரைமணி நேரம் மட்டும் இங்க..."

"இட்லி சாப்பிடுவீங்கள்ல?"

சேரனுக்குக் கேள்வி புரியவில்லை. "சாப்பிடுவேன்ணே."

"அதுக்குப் போடுற உளுந்து இதுதான் தம்பி. நீங்க புல்லுன்னு நெனச்சுட்டீங்க."

டெல்டாவில் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தெடுத்தால் அடியில் உளுந்து முளைத்திருக்கும். அந்த ஊரில் உளுந்து தெளிக்காத வயல் சேரனுடையது ஒன்றுதான். அதனால்தான் வாத்துகளுக்கு மேய வேறு இடமில்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

வாளியைத் தட்டிக்கொண்டே திரும்பி ஓடினான். அறுநூறும் திரும்பின. போகும்போது மிதித்த உளுந்தைப் பார்த்து இளையபெருமாள் உச்சுக்கொட்டியதோடு சரி. அவர் திட்டியிருந்தால் சேரனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் பின்னால், ஆசீர்வாதம் டிராக்டர் நிறுத்திவைத்த தகரக் கொட்டகை இருந்தது. சேரன் நேராக அதற்குள் போனான். வாத்துகளும் போயின. மிச்சத் தவிட்டை உள்ளே கொட்டிவிட்டு, அவன் மட்டும் பக்கவாட்டில் வெளியே நழுவி, வாசலைக் கீற்றுத் தட்டியால் அடைத்துக் கயிறு கட்டினான்.

"சார், அடைச்சீங்கன்னா கத்தும்" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த செவ்வந்தி.

தவிடு தீர்ந்தது. கத்தத் தொடங்கின.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"வலங்கைமான்ல எறங்கிட்டோம்" என்றாள் செம்மொழி.

"பத்தரைன்னுதான சொன்ன?"

"முன்னாடியே பஸ் கெடச்சுது. ஏன், வரக்கூடாதா?"

"சேச்சே. ஒரு காபி சாப்பிட்டுட்டு மெதுவா ஆட்டோ புடிச்சு வாங்க."

"அங்க என்ன சத்தம்?"

"டிவி."

"அங்க ஏது டிவி?"

"பக்கத்து வீட்டு டிவி." பக்கத்தில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சேரனை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, வயலு எப்படி இருக்கு?"

"வயல்ல ஒண்ணுமே இல்லை. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"அப்படியா? நல்லது" என்றாள் செம்மொழி. குரலில் ஏதோ திருப்தி தெரிந்தது. வயலில் ஒன்றுமே இல்லை என்பதில் இவளுக்கு என்ன சந்தோஷம்? விற்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதோ என்று சேரன் பயந்தான்.

கொட்டகைக்குள் அறுநூறு வாத்துகளும் தகரத்துக்குத் தகரம் எதிரொலித்துக் கத்தின. ஆட்டோ வருவதற்குப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். சத்தத்தைச் சத்தத்தால்தான் அமுக்க வேண்டும் என்று சேரன் முடிவு செய்தான். அவனிடம் இருந்த பெரிய சத்தம் ஒன்றே ஒன்றுதான். பின்கதவு வழியாக வீட்டுக்குள் புகுந்து, கூடத்தைக் கடந்து, முன்வாசல் வழியாக மோட்டார் கொட்டகைக்கு ஓடினான்.

"சார், மோட்டாரு வேணாம் சார்" என்று பின்னாலிருந்து செவ்வந்தி கத்தினாள். "தண்ணிச் சத்தம் கேட்டா..."

சேரன் சுவிட்சை அழுத்திவிட்டான்.

பழைய மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் ஏறி, வாசலுக்கு இடப்பக்கம் இருந்த சிமென்ட் தொட்டியில் அருவியாக விழுந்தது. கொட்டகையில் வாத்துகளின் சத்தம் சட்டென்று நின்றது. சேரன் ஒரு பெருமூச்சு விட்டான். அன்று காலையிலிருந்து அவன் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைத்தான்.

ஆட்டோ வந்து நின்றது. செம்மொழி இறங்கினாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் இசைவாணி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள். சேரன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்றான்.

"வீட்டைப் பாருங்க முதல்ல" என்று சொல்லிக் கதவைக் காட்டினான்.

கீற்றுத் தட்டி விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, மோட்டார் அமுக்கிவிட்டது. கொட்டகையிலிருந்து தொட்டிக்குக் குறுக்கு வழி வீட்டுக்குள்ளே போகிறது என்பதும் பின்கதவு திறந்தே கிடக்கிறது என்பதும் வாத்துகளுக்குத் தெரிந்திருந்தன. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்த சிவப்புத் தரையில் முதல் வாத்து வழுக்கிக்கொண்டே வந்தது. அடுத்தடுத்து நாலு நாலாக வந்தன. முன்வாசலில் வெளிப்பட்டு, சேரனின் கால்களுக்கு நடுவே புகுந்து, செம்மொழியைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுவிடாமல் தொட்டியை நோக்கி ஓடின. முழுக் கூட்டமும் வெளியே வந்து முடிய நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் சேரன் கதவைக் காட்டிய கையை இறக்கவில்லை.

"அப்பா, இவ்வளவும் நம்மளோடதா?" என்றாள் இசைவாணி. அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து நாளாயிற்று.

"இல்லம்மா" என்றான் சேரன். "நம்மளோடது எதுவும் இல்ல."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். செம்மொழி அவனைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், கீரைப் பாத்தி இருந்த இடத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செவ்வந்தி போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"எப்ப வந்துச்சு இதெல்லாம்?" என்று கேட்டாள் செம்மொழி.

"விடியக்காலையில. ஆசீர்வாதம் பண்ணின வேலை. நான் ஏழு மணியிலேர்ந்து தொரத்துறேன்."

"ஏழு மணியிலேர்ந்தா? மேயவே விடலையா?"

"ஒரு நிமிஷம் விடலை" என்றான் சேரன். அதையாவது அவள் பாராட்டுவாள் என்று நினைத்தான். செம்மொழி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் அவனுக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலை செம்மொழி. உளுந்தைப் புல்லுன்னு நெனச்சேன். நீ படிச்சு மேல வந்த பொண்ணு, உன்னைச் சேத்துக்கு இழுக்கிறேன்னு நீ சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இன்னிக்குத்தான் புரியுது. எனக்கு உன்னையும் பாப்பாவையும் ஒரு நல்ல எடத்துல வச்சுப் பாக்கணும்னு ஆசை, அவ்வளவுதான். பேச்சுன்னா பேச்சு. நாளைக்கே ஆள் பாத்து வித்துடறேன்."

காலில் இருந்த சேற்றைச் சுரண்டினான். இசைவாணி "வேணாம்ப்பா" என்றாள். இளையபெருமாள் தொண்டையைச் செருமினார்.

"தம்பி நல்ல மனுஷன்தான் தங்கச்சி" என்றார். "வாத்துதான் அவருக்கு ஒத்துக்கலை."

செம்மொழி செருப்பைக் கழற்றினாள். புதுப் புடவையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சேற்றுக்குள் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. நடுவயலில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலால் தடவி, இரண்டு நத்தைகளைப் பொறுக்கி வரப்பில் எறிந்தாள். பிறகு நாக்கை மடித்து ஒரு குரல் கொடுத்தாள். தொட்டியைச் சுற்றி நின்ற வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒழுங்காக வரிசையில் வயலுக்குள் இறங்கி மேயத் தொடங்கின. செவ்வந்தியே மூக்கில் விரலை வைத்துக்கொண்டாள்.

சேரன் வாய் பிளந்து பார்த்தான். "உனக்கு இதெல்லாம்..." என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டான்.

"என்னங்க" என்றாள் செம்மொழி நடுவயலில் நின்றுகொண்டு. சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று அவனுக்குப் புலப்படவில்லை. "நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

அவள் அதைச் சொல்வதற்குள் ஒரு மொபெட் முட்டை அட்டைகளோடு வந்து நின்றது. வந்தது செவ்வந்தியின் கணவன், பெயர் காத்தான். விழுந்து கிடந்த தட்டியைப் பார்த்தான், கூடம் முழுக்க இருந்த கால்தடத்தைப் பார்த்தான், வாசற்படியில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்த சேரனைப் பார்த்தான். வணக்கம் சொல்லக்கூட நிற்காமல் அவனைத் தாண்டி வரப்புக்குப் போய், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செம்மொழியிடம் சொன்னான்:

"மன்னிச்சுக்கங்கம்மா, 'ஜூன்ல குடிவந்த கையோட குறுவை நடணும், அதுக்குள்ள சாருக்குத் தெரியாம வயலை மேய்ச்சு வச்சுடுங்க, ஞாயித்துக்கிழமை வந்து நானே அவருகிட்ட சொல்லிக்கிறேன்'னு நீங்க போன மாசம் போன் பண்ணினீங்க, வெள்ளிக்கிழமையே முடிச்சிருப்பேன், உங்க ஊர்ப் பக்கமே ரெண்டு நாள் சுணங்கிப்போச்சு."